பாஸ்வேர்டு கேட்காத அறுபத்து மூன்று மணி நேரம்

சென்ற மாதம் எங்கள் பழைய நிறுவனத்தின் வெள்ளிவிழா மலர் கூரியரில் வந்தது. வழவழப்பான தாள், நல்ல அச்சு. முப்பத்தோராம் பக்கத்தில் எங்கள் மேலாளராக இருந்த சம்பத் சாரின் படம், அதன் கீழே ஒரு வாக்கியம்: ‘தொடக்க நாள் முதல் இன்றுவரை எங்கள் வாடிக்கையாளர்களின் தரவு ஒரு நொடியும் காவலின்றி இருந்ததில்லை.’

ஒரு நொடி இல்லை. அறுபத்து மூன்று மணி நேரம். 2005 ஜூன் மாதம், இரண்டாவது வாரம், புதன்கிழமை மாலை 4.40 முதல் சனிக்கிழமை காலை 7.40 வரை. என் நோட்டில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள்வரை, அன்றன்று நடந்ததை நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். மலர்க் குழுவினர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

கணிதத்தில் பட்டம், தட்டச்சில் ஹையர், பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் ஃபாக்ஸ்புரோவில் சரக்கு விவரம் ஏற்றிய எட்டு வருடம். என் பயிற்சி அவ்வளவுதான். 2001இல் இந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. இரும்புலியூரிலிருந்து நடந்தே வருவேன். சின்னச் சின்ன வியாபாரங்கள், பள்ளிக்கூடங்கள், கல்யாண மண்டபங்கள் ஆகியவற்றின் இணையதளங்களை எங்கள் சர்வரில் வைத்து நடத்தித் தருவது தொழில். ஷேர்டு ஹோஸ்டிங் என்பார்கள். ஒரே இயந்திரத்தில் நானூறு சொச்சம் பேர், அடுக்குமாடிக் குடித்தனம் போல. சுவர் மெல்லிசு. ஒருவர் வீட்டுக்குள் அடுத்தவர் போகாமல் தடுப்பது டேட்டாபேஸ் கேட்கும் யூசர்நேமும் பாஸ்வேர்டும் மட்டுமே. அந்தப் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் உண்டாக்குவது, மாற்றுவது, நீக்குவது, சரிபார்ப்பது என் வேலை.

அந்த வேலைக்கு நானே சில விதிகள் வைத்திருந்தேன். டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவும்போது தானாகவே பெயரில்லாத ஒரு யூசர் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். முதல் வேலையாக அதை நீக்குவேன். ஒரு வாடிக்கையாளரின் யூசருக்கு அவருடைய டேட்டாபேஸ் மட்டும்தான் கண்ணில் படவேண்டும். பாஸ்வேர்டை மெயிலில் அனுப்ப மாட்டேன். போன் செய்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வேன். “இது உங்களைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. உங்க முதலாளிக்கே ஆனாலும், அவருக்குத் தனியா ஒண்ணு போட்டுத் தரேன், உங்களோடதைச் சொல்லாதீங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். மாதத்தின் முதல் வேலை நாளில் மொத்தப் பட்டியலையும் ஓட்டிப் பார்த்து, பாஸ்வேர்டு இல்லாத யூசர் எங்காவது முளைத்திருக்கிறதா என்று தேடுவேன். அலுவலகத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சம்பத் சார் எங்கள் தொழில்நுட்ப மேலாளர். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கத்துகிறவர்களிடம் எதிர்த்துப் பேசிவிடலாம். இவர் பூனை போல நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். “கொஞ்சம் தள்ளிக்கோம்மா” என்பார். நின்றபடியே இரண்டு ஆட்காட்டி விரல்களால் நம் கீபோர்டில் ஏதோ அடிப்பார். என்ன அடித்தார் என்று பார்ப்பதற்குள் திரையைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார். மெயில் அனுப்ப மாட்டார். எதையும் தாளில் எழுதித் தர மாட்டார். விளக்க வேண்டியிருந்தால் வெள்ளைப் பலகையில் எழுதுவார். துணி பக்கத்திலேயே இருந்தாலும் உள்ளங்கையால் அழிப்பார். சாயங்காலம் அவர் கை நீலமாக இருக்கும். அவர் செய்ததற்கு எங்கும் தடயம் இருக்காது. நாங்கள் செய்ததற்கு மட்டும் இருக்கும். இதைப் பணிவு என்று நான் நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜூன் மாதம் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாறினோம். புதியதில் டேட்டாபேஸ் மென்பொருளின் புதிய பதிப்பு. அது பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமிக்கும் முறை வேறு. யூசர்களை நிர்வகிக்கும் எங்கள் கன்ட்ரோல் பேனல் மென்பொருள் எல்லா யூசர்களின் பாஸ்வேர்டையும் புதிய முறையில் எழுதித் தள்ளிவிட்டது. இணையதளங்களோ பழைய முறையில்தான் பேசும். விளைவு, புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நானூறு தளங்களும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன.

சப்போர்ட்டில் இருந்தவர் பாபு. அனகாபுத்தூர்க்காரர், இரண்டு குழந்தைகளின் தகப்பன். காதுக்கு ஒரு ரிசீவர்.

“மீனாக்கா, பேஜாரா கீதுக்கா. கல்யாண மண்டபத்துக்காரன் என் அம்மாவையே இஸ்க்கினு வந்து திட்றான். இன்னா பதில் சொல்றது?”

“நாளைக்குள்ள சரியாயிடும்னு சொல்லுங்க.”

“நாளைன்னா இன்னும் ரெண்டு தலைமுறை சேர்த்து திட்டுவான்க்கா.”

சரி செய்யும் வழி எனக்குத் தெரியும். பழைய முறையையே பயன்படுத்து என்று சர்வருக்கு ஒரு வரி எழுதிவிட்டு, ஒவ்வொரு யூசரின் பாஸ்வேர்டையும் திரும்ப ஏற்ற வேண்டும். பாதிப் பேருடையதைத் தளத்தின் கோப்புகளிலிருந்து எடுத்துவிடலாம். மீதிப் பேருக்குப் போன் போட வேண்டும். இரண்டு மூன்று நாள் ஆகும். சம்பத் சாரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

4.40க்கு என் நாற்காலிக்குப் பின்னால் வந்தார்.

“கொஞ்சம் தள்ளிக்கோம்மா.”

இரண்டு விரல். சர்வர் நின்றது, திரும்ப எழுந்தது. பாபுவின் போன் ஒவ்வொன்றாக அடங்கியது. எல்லாத் தளமும் வேலை செய்தது. நான் கொஞ்சம் மகிழ்ந்துகூடப் போனேன். பிறகு, என்ன செய்தார் என்று, சர்வர் எழும்போது படிக்கும் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். யாரிடமும் பாஸ்வேர்டு சோதிக்காதே என்று ஒரு வரி சேர்த்திருந்தார். ரூட் என்னும் தலைமை யூசரின் பாஸ்வேர்டு மறந்துபோனால், இயந்திரத்தைத் தனிமைப்படுத்திவிட்டு ஐந்து நிமிடம் பயன்படுத்த வேண்டிய வழி அது. அதைப் போட்டால் சர்வர், யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, எல்லா டேட்டாபேஸையும் திறந்துவிடும். நானூறு வீட்டுக்கும் கதவு கிடையாது.

“சார், இது…”

“தெரியும்மா. நீ உன் வேலையைப் பாத்து முடி. முடிச்சதும் எடுத்துடலாம்.”

“அதுவரைக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு நோட்டீஸாவது அனுப்பிடலாம் சார்.”

“எதுக்கும்மா? எல்லாம் ஓடுதே.”

வெளியிலிருந்து டேட்டாபேஸுக்கு வரும் வழியை மட்டும் பிடிவாதம் பிடித்து அன்றே அடைத்தேன். ஆனால் அடுக்குமாடியில் பயம் தெருவிலிருந்து மட்டும் வருவதில்லையே, பக்கத்து வீட்டிலிருந்தும் வரும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நானும் பாபுவும் போன் போட்டோம், ஏற்றினோம், டிக் அடித்தோம். சனிக்கிழமை காலை 7.40க்கு அந்த வரியை நானே அழித்து சர்வரைத் திரும்பக் கிளப்பினேன். யாரும் எதையும் தொட்டிருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

தொட்டிருந்தார்கள்.

கோவிலம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் எங்கள் வாடிக்கையாளர். அதன் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டவர் கம்ப்யூட்டர் ஆசிரியை நசீமா. ப்ளஸ் ஒன் சேர்க்கைப் பட்டியலைப் புதன்கிழமை தளத்தில் ஏற்றியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பார்த்தால் கம்ப்யூட்டர் பிரிவில் ஐந்து பெயர்கள் இல்லை, வேறு ஐந்து பெயர்கள் இருக்கின்றன. இடம் கிடைக்கவில்லை என்று நினைத்து இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் அதற்குள் வேறு பள்ளியில் சேர்த்தேவிட்டார்கள். தாளாளர் கொதித்துப்போய் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். யார் மாற்றியது, எழுத்தில் வேண்டும் என்றார்.

சர்வர் மாற்றத்துக்காக இணைப்புப் பதிவை இயக்கி வைத்திருந்தோம். அதில் இருந்தது: வியாழக்கிழமை பிற்பகல் 3.12, பள்ளியின் யூசர்நேம், அந்த டேட்டாபேஸ். எங்கிருந்து என்ற இடத்தில், இதே இயந்திரம். அது நசீமாவின் நிர்வாகப் பக்கமாகவும் இருக்கலாம், அந்த இயந்திரத்தில் இருந்த நானூறு தளங்களில் எதுவாகவும் இருக்கலாம்.

திங்கள்கிழமை சம்பத் சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“ரெண்டே வரிம்மா. பதிவுல இருக்கறதை எழுது. பொய் எழுதச் சொல்லலியே.”

“சார், அந்த மூணு நாள் பதிவுக்கு அர்த்தமே கிடையாது. யார் எந்தப் பேரைச் சொன்னாலும் அதைத்தானே எழுதியிருக்கும்?”

“அவர் அதைக் கேக்கலை. எந்தப் பேர்ல நடந்ததுன்னு கேட்டார். கேட்டதுக்குப் பதில் சொல்லு. கேக்காததுக்கு நாம ஏன் போய் நிக்கணும்?”

தட்டச்சு செய்தேன். ‘எங்கள் பதிவுகளின்படி, மேற்படி மாற்றம் தங்கள் பள்ளியின் யூசர்நேமிலிருந்து செய்யப்பட்டுள்ளது. வேறு அத்துமீறல் எதுவும் காணப்படவில்லை.’ காணப்படவில்லை என்பது உண்மைதான். காண்பதற்கான கண்ணை நாங்களே குருடாக்கியிருந்தோம். கீழே கையெழுத்து யாருடையது? அவர் எதிலும் கையெழுத்துப் போட மாட்டாரே. என்னுடையது. இருபது வருடமாக அவர்மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி என்மேல் உள்ளது.

பத்து நாள் கழித்து நசீமா அலுவலகத்துக்கு வந்தார். அதுவரை போனில் மட்டுமே பேசியிருக்கிறோம். முப்பது வயதிருக்கும். நாற்காலியில் உட்காரவில்லை. கடிதத்தின் நகலை என் மேசையில் வைத்தார்.

“மேடம், இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“அப்ப, வியாழக்கிழமை மூணு பன்னெண்டுக்கு நான்தான் உள்ள போனேன்னு சொல்றீங்க.”

“உங்க யூசர்நேம்லேர்ந்துன்னுதான்…”

“எனக்குக் குடுத்திருக்கற மெமோல யூசர்நேம்னு போடலை மேடம். ‘நீங்கள்’னு போட்டிருக்கு. பணம் வாங்கிட்டு மாத்திட்டேன்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கறாங்க. வேலையை விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. ரெண்டு வாரத்துக்குள்ள விளக்கம் குடுக்கலைன்னா டிஸ்மிஸ்.”

பழக்கதோஷத்தில், சப்போர்ட்டில் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன். பாஸ்வேர்டை யாரிடமாவது சொன்னீர்களா?

அவர் சிரித்துவிட்டார். “என் வீட்டுக்காரருக்கே தெரியாது. ஒருதடவை கேட்டாரு, எனக்குக்கூட சொல்ல மாட்டியான்னு. உங்களுக்கெதுக்கு ப்ளஸ் ஒன் அட்மிஷன்னேன். தாளாளர் கேட்டப்பவும் சொல்லலை. ‘தாம்பரம் மேடம் உங்களுக்குத் தனியா ஒண்ணு போட்டுத் தருவாங்க சார், என்னோடதைக் கேக்காதீங்க’ன்னு சொன்னேன். ரெண்டு வருஷம் முன்னாடி நீங்கதான் போன்ல அப்படிச் சொல்லிக் குடுத்தீங்க. இப்ப ஸ்கூல்லயும் அதையேதான் சொல்றாங்க மேடம். பாஸ்வேர்டு உனக்கு மட்டும்தான் தெரியும், அதனால நீதான்.”

நான் சொன்ன விதியை நானூறு பேரில் இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தவர் வேறு யாரும் இல்லை. பாஸ்வேர்டை ஒட்டுத்தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டியவர்கள் எல்லாம் நிம்மதியாக இருந்தார்கள். அவர்களைச் சந்தேகித்தால், யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம் என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். ஒழுங்காக இருந்தவருக்கு அந்த ஒழுங்கே எதிர்சாட்சி.

“நீங்க மாத்தலைன்னு என்னால சொல்ல முடியாது,” என்றேன். “ஆனா நீங்கதான்னு எங்க பதிவை வச்சு யாருமே சொல்ல முடியாது. அந்த மூணு நாள் சர்வர் யார்கிட்டயும் பாஸ்வேர்டே கேக்கலை.”

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். பிறகு, “இதை ஏன் இந்தக் கடுதாசில எழுதலை?” என்றார்.

சம்பத் சாரின் அறைக்குப் போய், திருத்தக் கடிதம் எழுத அனுமதி கேட்டேன். அன்றும் குரல் உயரவில்லை.

“எழுதினா நானூறு பேரும் போயிடுவாங்கம்மா. இங்க இருபது பேர் சாப்பிடறோம். ஒரு டீச்சருக்கு வேற ஸ்கூல் கிடைக்கும்.”

“திருட்டுப் பட்டத்தோட எந்த ஸ்கூல் சார் சேத்துக்கும்?”

“கம்பெனி லெட்டர்ஹெட்ல ஒரு வரி போகக்கூடாது. சொல்லிட்டேன்.”

சரி, லெட்டர்ஹெட் வேண்டாம். வெள்ளைத் தாளில், என் பெயரில், என் வீட்டு முகவரியில் எழுதினேன். எந்த மணியிலிருந்து எந்த மணிவரை சோதனை நிறுத்தப்பட்டிருந்தது, அதனால் என் முந்தைய கடிதம் ஏன் செல்லாது என்பது மட்டும். ஆதாரத்துக்கு, சர்வர் எழுந்த நேரங்களும் எழுந்த விதமும் உள்ள பதிவு வேண்டும். அதை நானே அச்செடுத்தால் சம்பத் சார் பின்னால் வந்து நிற்பார்; பாபுவிடம் கேட்கத் தயங்கினேன். அவரே வந்தார்.

“அக்கா, பிரிண்டர்ல இன்னாவோ ரெண்டு பேப்பர் கீது. யாருதுன்னு தெர்ல. நான் டீ குடிக்கப் போறேன். திரும்பி வர்றப்ப அது இருந்தா கிழிச்சிப் போட்ருவேன்.”

ஜூலை முதல் வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். வாசலில் காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டினார். பேனாவை எடுத்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பெயர் என்ற இடத்தில் தாளாளரின் பெயரை எழுதினேன். நேரம் 10.40. காவலாளி பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார், தலையாட்டினார், உள்ளே விட்டார்.

தாளாளர் அறுபது தாண்டியவர், நெற்றி நிறைய விபூதி. நான் சொல்லியிருந்தபடி நசீமாவும் வந்து எதிரே நின்றிருந்தார். தாளாளர் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“இதெல்லாம் டெக்னிகலா இருக்கும்மா. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. பதிவுல அவங்க பேர் இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார். அதுக்கு முன்னாடி உங்க கேட்ல இருக்கற நோட்டைக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்றீங்களா?”

கொண்டுவந்தார்கள். கடைசி வரியைக் காட்டினேன்.

“பத்து நாப்பதுக்கு நீங்க வெளியிலேர்ந்து உள்ள வந்திருக்கீங்க சார். பதிவுல இருக்கு.”

“நான் எட்டு மணிக்கே வந்துட்டேனே! எவன் எழுதினது இது?”

“நான்தான் சார். உங்க வாட்ச்மேன் பேரை எழுதிக்கிட்டார், ஆள் யாருன்னு கேக்கலை. எங்க சர்வரும் அந்த மூணு நாள் அதைத்தான் பண்ணிச்சு.”

அவர் முகம் சிவந்தது. காவலாளியைக் கூப்பிட்டுத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப மாத்தினது யாரு?”

“தெரியாது சார். இனிமே தெரியவும் தெரியாது.”

“இவங்களாவும் இருக்கலாம்ல?”

நசீமா என்னைப் பார்த்தார். பொய் சொல்லிக் காப்பாற்றலாம். ஒருமுறை அரை உண்மை எழுதி அவரைக் கவிழ்த்தவள், இன்னொரு அரை உண்மையால் நிமிர்த்த முடியுமா?

“இருக்கலாம் சார். நானாவும் இருக்கலாம். நீங்களாவும் இருக்கலாம். எங்க நோட்டை வச்சுக்கிட்டு இந்த மூணு பேர்ல ஒருத்தரைக்கூடப் பிரிச்சுச் சொல்ல முடியாது. அப்புறம் இவங்களுக்கு மட்டும் எப்படி மெமோ?”

தாளாளர் எழுத்தரை அழைத்தார். மெமோவை வாபஸ் வாங்கும் கடிதத்தை அங்கேயே தட்டச்சு செய்யச் சொன்னார். ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று தொடங்கியது. நசீமா படித்துவிட்டு மேசையில் திருப்பி வைத்தார்.

“சந்தேகத்தோட பலன் எனக்கு வேணாம் சார். சந்தேகத்தை எடுத்துட்டுக் குடுங்க.”

“உனக்கு வேலை திரும்பக் கிடைக்குதில்லம்மா? வார்த்தையில என்ன இருக்கு?”

“மெமோவும் வார்த்தைதானே சார்.”

எழுத்தர் இன்னொரு தாளைச் செருகினார். நசீமா அதையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தாளில்தான் ‘இக்குற்றச்சாட்டுக்கு எக்காலத்திலும் ஆதாரம் இருந்ததில்லை, குற்றம் சாட்டியதற்கு நிர்வாகம் வருந்துகிறது’ என்று வந்தது. தாளாளர் கையெழுத்திட்டார். நசீமா கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். ஆனால் போகவில்லை.

இதெல்லாம் சம்பத் சாருக்குத் தெரிந்துபோய், அடுத்த திங்கள்கிழமை முதல் எனக்கு டொமைனை, அதாவது இணைய முகவரியை, புதுப்பிக்கச் சொல்லிப் போன் போடும் வேலை. பதினோரு மாதம் அதைத்தான் செய்தேன். சம்பத் சார் காரணம் எதையும் எழுதித் தரவில்லை. மலர்க் குழுவுக்கு இந்த வரிகளை எல்லாம் அனுப்பலாம், அச்சிட மாட்டார்கள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அந்த அறையில் நான் பார்த்ததை அழிக்க எந்த உள்ளங்கையாலும் முடியாது.

“இன்னும் என்னம்மா?” என்று கேட்டார் தாளாளர்.

“லேப் சாவி சார்.”

“கிளார்க் நாளைக்குக் குடுப்பாரு.”

“கிளார்க் வாங்கலை சார். நீங்கதான் வாங்கினீங்க, ஸ்டாஃப் ரூம்ல, எல்லார் முன்னாடியும். அங்க வந்து குடுங்க.”

நசீமா கையை நீட்டவில்லை. கதவருகே போய், அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தாளாளர் என்னைப் பார்த்தார், எழுத்தரைப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நசீமா அவருக்கு வழிவிட்டு, பின்னாலேயே நடந்தார். ஸ்டாஃப் ரூமில் பேச்சு சட்டென்று நின்றது வராந்தாவில் இருந்த எனக்குக் கேட்டது. மணி அப்போது பன்னிரண்டு ஐந்து.